பூட்டில்லாத வைஃபை

பக்கத்து வீட்டுக்காரர் பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள்; அவர் முன்னறையில் உட்கார்ந்து மெழுகை உருக்கி, தேய்த்து, மெருகேற்றி, வரிசை வரிசையாகப் பல் செய்து தருவார். அந்த மாடியில் எல்லோருக்கும் அவர் பல்செட்காரர்தான். தனி ஆள், பேச்சும் குறைவு. ஊருக்கெல்லாம் சிரிப்பு செய்து கொடுக்கிற மனுஷன் தான் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று ஆல்பக்காரியின் கணவன் கிண்டலடிப்பான்.

ஆல்பக்காரி என்றால் கல்யாண ஆல்பம் அமைக்கிறவள். ஸ்டூடியோக்காரர்கள் படங்களைக் கொட்டிவிட்டுப் போவார்கள். அவள் லேப்டாப்பில் உட்கார்ந்து மாப்பிள்ளையின் பருவை நீக்குவாள், மாமியாரின் கன்னத்து வியர்வையைத் துடைப்பாள், கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற சித்தப்பாவுக்கு இன்னொரு படத்திலிருந்து கண்ணைக் கடன் வாங்கி வைப்பாள். எந்த முகத்தைக் கொடுத்தாலும் முடியாது என்று சொன்னதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். வேலை செய்கிற இடத்தில் குழிக்குள் விழுந்து காலை உடைத்துக்கொண்டான். சம்பளம் நின்றது. வாடகையை நிறுத்த முடியாது, சாப்பாட்டை நிறுத்த முடியாது, அதனால் இன்டர்நெட்டை நிறுத்தினார்கள். அதை நிறுத்தினால் ஆல்பத்தை எப்படி அனுப்புவது என்ற யோசனை அப்புறம்தான் வந்தது. கஷ்டகாலத்தில் யாருக்குத்தான் புத்தி வரிசையாக வேலை செய்கிறது? கொஞ்ச நாள் தெருமுனை பிரவுசிங் சென்டருக்கு நடந்தாள். ஒரு ஆல்பம் ஏறி முடிவதற்குள் பாதிப் பகல் போய்விடும். இங்கே தண்ணீர் எடுத்துக் குடிக்கக்கூட எழுந்திருக்க முடியாமல் இவன் கிடப்பான்.

அப்படி அல்லாடிக்கொண்டிருந்தபோதுதான் லேப்டாப்பில் அக்கம்பக்கத்து இணைப்புகளின் வரிசை கண்ணில் பட்டது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பூட்டுப் படம் இருந்தது. ஒன்றில் மட்டும் இல்லை. சும்மா தொட்டுப் பார்ப்போமே என்று தொட்டாள். அது பாட்டுக்குத் திறந்துகொண்டது.

பல்செட்காரருடையதுதான் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. அவர் வீட்டுச் சுவர் ஓரமாக உட்கார்ந்தால் பறந்தது, சமையலறைக்குப் போனால் படுத்துக்கொண்டது. அவளுக்கு மனசு குறுகுறுத்தது. கணவனுக்கு அதெல்லாம் ஒன்றும் இல்லை. நாம் என்ன அவர் வீட்டு அண்டாவையா தூக்கிக்கொண்டு வந்தோம், அதுவாகச் சுவரைத் தாண்டி நம் வீட்டுக்குள் வருகிறது, வருவதைப் போ போ என்று விரட்டவா முடியும் என்றான். கட்டிலில் படுத்துக்கொண்டே நியாயம் பேசுவதற்கு என்ன செலவு?

கொழுந்தன் வக்கீல் குமாஸ்தா. அண்ணனைப் பார்க்க வந்தவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கதவு திறந்து கிடந்தால் உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரலாமா என்று கேட்டான். உடையவன் சம்மதம் இல்லாமல் எடுத்தால் பல இடங்களில் சட்டப்படியே தப்பு. யாரும் இதற்காகக் கோர்ட்டு படி ஏறப்போவதில்லை, அது வேறு கதை என்றான். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "அண்ணி, ஒரு வார்த்த கேட்டுடுங்க. கேட்டுட்டா தப்பே இல்ல," என்றான்.

ஒரே ஒரு வார்த்தை. நாக்கை என்ன வாடகைக்கா விட்டிருந்தாள்? கேட்கத்தான் போனாள். முதல் தடவை அவர் மெஷினில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தில் எப்படிக் கேட்பது என்று திரும்பிவிட்டாள். அடுத்த தடவை அவரே கதவைத் திறந்து, "வீட்டுக்காரருக்குக் கால் எப்படிம்மா இருக்கு?" என்று விசாரித்தார். அப்படி விசாரிக்கிற மனிதரிடம் போய், இத்தனை நாளாக உங்களுடையதை எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? பரவாயில்லை என்று காலைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

சரி, அது ஆபத்துக்குப் பாவமில்லை என்றே வைத்துக்கொள்வோம். கணவனுக்குக் கால் கூடியது, வேலைக்குப் போக ஆரம்பித்தான். அப்புறமாவது சொந்த லைனைத் திரும்ப இழுத்திருக்கலாம் இல்லையா? அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. ஓசி ருசி கண்டுவிட்டால் அப்படித்தான்.

பல்செட்காரருக்கு ஒரு அம்மா இருந்தாள். தொலைதூரத்தில் அவருடைய அக்கா வீட்டில். பொழுது சாய்கிற நேரத்தில் தினமும் வீடியோவில் அழைப்பார். அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் அவர் கத்துவார். அம்மா பதிலுக்குக் கத்துவாள். சுவர் அப்பளம் மாதிரி மெலிசு. "கேக்குதாம்மா?" என்பதில் தொடங்கும். அம்மாவின் "கதவ பூட்டிட்டுப் படு" என்பதில் முடியும். தலை நரைத்த பிள்ளைக்குத் தினமும் கதவைப் பூட்டச் சொல்லுகிறாளே என்று இங்கே புருஷனும் பெண்டாட்டியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அந்த அம்மா படுக்கையில் விழுந்தாள். மறுநாள் காலை ஊருக்குக் கிளம்புவதாக மாடிப்படியில் பல்செட்காரர் சொன்னார். அன்று சாயங்காலம் ஒரு ஸ்டூடியோக்காரன் ஆல்பத்துக்கு உயிரை எடுத்தான். அவள் சுவர் ஓரமாக உட்கார்ந்து, படங்களை எல்லாம் மொத்தமாக ஏற்ற விட்டாள்.

அந்தப் பக்கத்தில் பேச்சு தொடங்கியது.

"அம்மா, கேக்குதாம்மா?"

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

"அக்கா, போன கிட்ட வை. படம் நின்னு நின்னு வருது. அம்மா ஏதோ சொல்றா, ஒண்ணும் கேக்கல."

இங்கே கனமான படங்கள் ஏறினால் அங்கே என்ன ஆகும் என்பது ஆல்பக்காரிக்குத் தெரியாதா? தொழிலே அதுதானே. நிறுத்துவதற்குக் கை போனது. போன கை அப்படியே நின்றது. இவள் நிறுத்துகிற அதே நொடியில் அங்கே படம் தெளிந்தால், யாரோ இழுத்துக்கொண்டிருந்தார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடுமே. அந்தச் சுவரோரம் வேறு யார் இருக்கிறார்கள்? இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, முடிந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னாள். "கேக்குதாம்மா, கேக்குதாம்மா" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தாங்க முடியாமல் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள். பாவி, அதைத்தான் செய்தாள்.

ஆல்பம் ஏறி முடிந்து ஹெட்போனைக் கழற்றியபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. காலையில் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. ராத்திரியே அம்மா போய்விட்டாளாம், கிடைத்த வண்டியில் கிளம்பிவிட்டாராம் என்று கீழே போய் வந்த கணவன் சொன்னான். அவள் அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை.

போன மனிதர் திரும்பி வந்த மறுநாள், கையில் போனோடு இவர்கள் வீட்டு வாசலில் நின்றார். கணவன் வேலைக்குப் போயிருந்தான். உள்ளே வரச் சொல்லி நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

போனில் அம்மாவின் கடைசிப் படம் இருந்தது. அழைப்பின் நடுவில் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டாராம். நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் தெளிவு. கன்னத்துக்குக் கீழே எல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறிக் கிடந்தது. அந்தக் கட்டங்களுக்கு நடுவே வாய் லேசாகத் திறந்திருந்தது.

"இத சரி பண்ண முடியுமாம்மா? பழைய போட்டோலேர்ந்து எதையும் எடுத்து ஒட்ட வேண்டாம். அன்னிக்கு இருந்த முகம்தான் வேணும்."

அவள் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"பல்செட்டக் கழட்டி வச்சிருந்தாங்க. நான் செஞ்சு குடுத்ததுதான். அது இருந்திருந்தா உதட்ட வச்சே என்ன சொல்றாங்கன்னு கண்டுபிடிச்சிருப்பேன்," என்றார். "என் பொழப்பே வாய்தானே."

"கதவ பூட்டிட்டுப் படுன்னு சொல்லியிருப்பாங்கண்ணா," என்றாள். சொன்ன பிறகுதான் ஒட்டுக்கேட்டதையும் சேர்த்து ஒப்புக்கொண்டுவிட்டது உறைத்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"நானும் அப்படித்தாம்மா நெனச்சுப் பாத்தேன். ஆனா அந்த ஒரு பேச்சுக்கு வாய் அவ்வளவு நேரம் அசையாது. ரொம்ப நேரம் என்னமோ சொன்னாங்க."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அழுதுகொண்டே, அன்று உங்கள் லைனை இழுத்துக்கொண்டிருந்தது நான்தான், நீங்கள் கேட்டுக் கேட்டுத் தவித்தது காதில் விழுந்தும் நிறுத்தவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினாள். அடிப்பார், திட்டுவார், ஒன்றும் இல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாவது போவார் என்று எதிர்பார்த்தாள்.

"தெரியும்மா," என்றார்.

யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று போனிலேயே காட்டும் என்றார். லைன் போட வந்த ஆள் பூட்டுப் போடாமல் போய்விட்டான். அதைப் போடலாம் என்று எடுத்த அன்றைக்குத்தான் இவள் பேர் தெரிந்தது. வீட்டுக்காரர் கால் ஒடிந்து கிடக்கிறாரே, பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

"அன்னிக்கும் நீங்க இருக்கறது தெரிஞ்சுது. செவுத்துல ஒரு தட்டு தட்டியிருந்தா போதும். தட்டக் கையக்கூட தூக்கிட்டேன்."

"ஏண்ணா தட்டல?"

"தட்டினா எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் மாடிப்படியில என்னப் பாத்தாலே கூசிப்போவீங்க. இப்ப சரியாயிடும், இப்ப சரியாயிடும்னு இருந்துட்டேன்."

ஒரே சுவர். இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை. இரண்டும் தூக்கியபடியே நின்றிருக்கின்றன. மரியாதையாம், கூச்சமாம்! அதைக் காப்பாற்றிக்கொண்டு என்ன கிழித்தார்கள் இரண்டு பேரும்? நடுவில் ஒரு கிழவி சொன்னது போனது போனதுதான்.

இனிமேல் பூட்டுப் போட்டுக்கொள்ளுங்கள் அண்ணா என்று அவள் கெஞ்சினாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "அம்மாவுக்காகப் போட்ட லைனு. இந்த மாசத்தோட எடுத்துடச் சொல்லிட்டேன். அதுவரைக்கும் நீங்க ஓட்டிக்குங்க." படத்தை அவள் போனுக்கு அனுப்பிவிட்டுப் போனார்.

பகல் முழுக்க அந்த முகத்தோடு போராடினாள். பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள், தெரிந்த வித்தையெல்லாம் காட்டினாள். இருப்பதைத்தானே திருத்த முடியும்? வந்து சேராததை எங்கே போய்த் தேடுவது? கடைசியில் அந்த ஒரு கண்ணுக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, மற்றதைத் தொடாமல் விட்டாள். முடியவில்லை அண்ணா என்று அதன் கீழே எழுதினாள்.

அப்போது பொழுது சாய்ந்திருந்தது. லேப்டாப் பழக்கதோஷத்தில் தானாகவே அவர் லைனில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. கவனிக்காமல் அனுப்பிவிட்டாள். அழுத்திய நொடியே படம் போய்ச் சேர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய போன் ஒரு தடவை ஒலித்து அடங்கியது. துளித் தடங்கல் இல்லை. அந்த நேரத்தில் அந்த லைனில் பேச இப்போது யாரும் இல்லை.