கிரேன் ஆற்றங்கரையில் ஓர் இலகுவான நடை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் விரும்பி எழுதவில்லை. பெனடிக்ற் நடத்தும் சிறுபத்திரிகையின் இலையுதிர்கால இதழுக்குக் கதை ஒன்று வேண்டுமாம். "அக்கா, நெடுக ஷெல்லும் சாவும்தானே எழுதிறியள்? இந்தமுறை ஆத்தங்கரையில நடக்கிற மாதிரி இலகுவா ஒண்டு தாங்கோவன்" என்று போன மாதம் கேட்டார். தலையை ஆட்டிவிட்டேன். இன்று காலை கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது.

2

தொடக்கம் ஒன்று: 'இலைகள் பொன்னிறமாக—'

பொன்னிறமும் மண்ணாங்கட்டியும். லண்டனின் இந்த ஹவுன்ஸ்லோவில் இலைகள் நனைந்து சப்பாத்தில் ஒட்டும், அவ்வளவுதான்.

தொடக்கம் இரண்டு: 'இரண்டு பெண்கள் கிரேன் ஆற்றோரம் நடந்தார்கள். ஒருத்திக்குத் தெரியும். மற்றவளுக்கு—'

மற்றவள் சிவகௌரி. எங்கள் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறாள் (வாடகை என்பது பேச்சுக்கு, எனக்கு அவள் தங்கச்சி மாதிரி). விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை, இரவு ஷிப்ட். யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து அவளுடைய ஒரே தம்பி குகதாசன் செத்துப்போனான். அவளுக்கு அது தெரியாது. நான்தான் சொல்ல வேண்டும். "பக்குவமாச் சொல்லு பிள்ளை" என்றுவிட்டு கொழும்பிலிருந்து பேசிய அவளுடைய மாமா போனை வைத்துவிட்டார். பக்குவமாம்! அவருக்கென்ன, வைத்துவிட்டார்.

வேலையால் வந்தவளிடம், "பின்னேரம் ஆத்தங்கரைப் பக்கம் நடந்திட்டு வருவம், வாறியே?" என்று கேட்டேன். "ஓம் அக்கா" என்று படுக்கப் போனாள்.*

3

கதையில் வரும் 'நான்' என்னைவிடத் துணிச்சல்காரி. மீன்கொத்தியின் படம் போட்ட பலகைக்குப் பக்கத்தில் இருவர் இருக்கக்கூடிய மர வாங்கு ஒன்று இருக்கிறது. அதில் சிவகௌரியை இருத்தி, அந்த 'நானை'ச் சொல்ல வைத்தேன். அந்நேரம் பார்த்து விமானம் ஒன்று தலைக்கு மேலால் இரைந்துகொண்டு போனது. "என்னக்கா? கேக்கேல்லை" என்றாள் கதையின் சிவகௌரி. ஐயோ, அதை இன்னொருமுறை சொல்வதா? எழுதிய பந்தியைக் கோடு கீறி அடித்தேன்.

'தம்பிக்குக் கொஞ்சம் சுகமில்லையாம்' என்று தொடங்கினேன். எங்கள் ஆட்கள் சாவை இப்படித்தான் சொல்வார்கள், கேட்டவுடனே விளங்கிவிடும். அதையும் அடித்தேன்.

அவளை அழவைத்து எழுதினேன். அழாமல் வைத்தும் எழுதினேன். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. மேலே படுத்திருப்பவள் என்ன, என் பாத்திரமா?

(* 'ஓம்' சொல்ல முன்னர் அவள் கொஞ்சநேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதை எழுத விட்டுப்போயிற்று.)

4

முடிவு அ: நடக்கிறார்கள், வாத்துகளைப் பார்க்கிறார்கள், திரும்புகிறார்கள். ஒன்றும் சொல்லப்படவில்லை. இன்னும் ஒரு நாளைக்காவது அவளுக்குத் தம்பி இருக்கட்டும். பெனடிக்றுக்கு இது நல்லாய்ப் பிடிக்கும்.

முடிவு ஆ: பாலத்தடியில் அவளுடைய கையைப் பிடித்து—

படியில் காலடி கேட்கிறது.

5

சிவகௌரி குசினி வாசலில் நிற்கிறாள், நான் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கோட்டும் சப்பாத்தும் போட்டாயிற்று. முகம் வீங்கியிருக்கிறது. இவள் நித்திரையே கொள்ளவில்லை.

"வெளிக்கிடுவமே?" என்கிறேன். எழுதுவதை நிறுத்தப் பயமாக இருக்கிறது.

"அக்கா, நான் லண்டனுக்கு வந்து மூண்டு வருசம். எங்கட ஆக்கள் ஒருத்தரும் என்னை நடக்க வா எண்டு கூப்பிட்டதில்லை. கோயிலுக்குக் கூப்பிடுவினம், கடைக்குக் கூப்பிடுவினம். சும்மா நடக்க ஆர் கூப்பிடுவினம்?"

கதிரையை இழுத்து எனக்கு முன்னால் இருக்கிறாள்.

"காலமையே விளங்கிட்டுது. ஆர் எண்டு மட்டும் சொல்லுங்கோ. அம்மாவோ, தம்பியோ?"

ஒரு சொல் போதும். நான் அவள் கேட்டதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"எழுதினது காணும் அக்கா. சொல்லுங்கோ."

பேனையை என் கையிலிருந்து எடுக்கக் கை நீட்டுகிறாள். வாசிக்கிறவரே, விடை உங்களுக்கும் தெரியும். தயவுசெய்து நீங்கள் சொல்லுங்கள்