தெயோபால்தோ திரும்பி நின்ற பக்கம்

"அந்த ஜன்னல்ல என்னய்யா இருக்கு? உங்க அம்மா படம் மாட்டியிருக்கா?"

தெல்மிராவின் குரல் பலகைச் சுவரைத் தாண்டி என் அடுப்படிக்கே வந்தது. நான் காதைச் சுவரில் வைக்கவேயில்லை. எங்கள் பெரு நாட்டு ஆற்றங்கரை ஊர் புக்கால்பாவில் பலகைகளுக்கு நடுவே விரலே போகும்.

"ஒண்ணுமில்ல தெல்மி. அங்க திரும்பினாத்தான் கிட்டார் இரையாது."

"ஓகோ! எந்த ஊர்ல கிட்டார் பொம்பளையப் பாத்தா வாய மூடுது?"

அவள் புருஷன் தெயோபால்தோ ஞாயிறு மாலைகளில் ரோசுலோவின் மதுக்கூடத்தில் மின்சார கிட்டார் வாசிப்பவன். எங்கள் கும்பியா நடனத்துக்குப் பாட்டுக்காரன் தேவையில்லை. கிட்டாரே பாடும், அழும், கேலியும் செய்யும். மற்ற வாத்தியக்காரர்கள் ஆடுகிறவர்களைப் பார்த்து வாசிக்க, இவன் மட்டும் கூட்டத்துக்குத் தோளைக் காட்டி, எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்து நிற்பான். ஜன்னலில் தையல்காரி எர்மெலிந்தா. நாற்பது வயது, தனிக்கட்டை. ஞாயிற்றுக்கிழமை தைக்கமாட்டாள். ஆனாலும் பவுடர் பூசிக்கொண்டு ஜன்னலோரம் வந்து உட்காருவாள். ஏழு மாதமாக இப்படித்தான். இதைத் தெல்மிராவிடம் யார் சொன்னது என்று கேட்காதீர்கள். அவள் கேட்டாள், நான் சொன்னேன்.

"வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டத்தப் பாத்து வாசி. இல்லேன்னா திங்கக்கிழமைப் படகுல கொந்தமானாவுக்கு, எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்!"

கொந்தமானாவுக்குக் கோபித்துக்கொண்டு போன எந்தப் பெண்டாட்டியும் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவனுக்கும் அது தெரியும்.

அந்த ஞாயிறு மொத்தத் தெருவும் வந்துவிட்டது, ஆடத் தெரியாதவர்கள் உட்பட. தெயோபால்தோ கூட்டத்தைப் பார்த்து நின்றான். அவன் கம்பியைத் தொடுவதற்கு முன்பே ஒலிபெருக்கியில் குளவிக்கூட்டைக் கலைத்ததுபோல் ஒரே இரைச்சல்.

"கிட்டாருக்குக் காய்ச்சலாண்ணே?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"அப்ப அந்தச் சுவர் பக்கமாத் திரும்பித் தொலை!" என்றாள் தெல்மிரா.

"அங்க ஒலிபெருக்கி இருக்கும்மா. அதுக்கு நேரா நின்னா வீல்னு கத்தும்."

கிட்டாரைத் தோளிலேயே வைத்துக்கொண்டு ரோசுலோவைக் கெஞ்சினான்.

"அண்ணே, குளிர்பெட்டிய நிறுத்துங்க."

"பீர் வெந்நீராயிரும்டா!"

"ஒரு பாட்டுக்குண்ணே. எம் பொண்டாட்டி போயிருவா."

ரோசுலோ முணுமுணுத்துக்கொண்டே பெட்டியின் வயரைப் பிடுங்கினார். குளவிகள் செத்தன. தெயோபால்தோ ஒரு கம்பியைச் சுண்டினான், கண்ணாடிபோல ஒலித்தது. மறுபடி பெட்டியை ஓடவிட்டதும் இரைச்சல். ஜன்னல் பக்கம் திரும்பினான், இரைச்சல் இல்லை.

"கம்பிக்குக் கீழ காந்தம் இருக்கு. அதைச் சுத்திச் செம்புக்கம்பி ஆயிரம் சுத்து" என்று கிட்டாரைத் தட்டிக் காட்டினான். "மேல இருக்கற கம்பி அதிர்ந்தா அது புடிச்சு அனுப்பும். ஆனா பக்கத்துல மோட்டார் ஓடினா அதோட கரண்டையும் சேத்துப் புடிக்கும். இந்தக் கோணத்துல நின்னாத்தான் விட்டுடும்."

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் தெல்மிரா. "ஏ எர்மெலிந்தா, உனக்கில்லையாம்டி, குளிர்பெட்டிக்காம்!" என்று யாரோ கத்தினார்கள். யார் என்பது எனக்கு ஞாபகமில்லை.

எர்மெலிந்தா எழுந்து, அவசரமில்லாமல், ஒவ்வொரு கதவாக ஜன்னலைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகும் தெயோபால்தோ ஞாயிறுதோறும் அங்கேதான் திரும்பி நின்றான். வேறு வழி? சாத்திய ஜன்னலைப் பார்த்து அத்தனை நன்றாக வாசித்தான்.

திங்கட்கிழமைப் படகு தெல்மிரா இல்லாமல் போனது. பத்து மாதம் கழித்து அவள் துணிமூட்டையோடு துறைக்குப் போனபோது வழிமறித்தேன்.

"இப்ப யாருடி ஜன்னல்ல?"

"யாருமில்லக்கா. அதான். பொம்பளையா இருந்தா மயிரப் புடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேன். எதிர்ல உக்காந்து நான் பேசறேன், எங்க என்ன இரையுதுன்னு அவன் காது தேடிட்டு இருக்கு."

கொந்தமானாவில் மரப்படகுக்காரன் ஒருவனோடு சேர்ந்துகொண்டாள். இரண்டு பெண் குழந்தைகள். எர்மெலிந்தா தையல் இயந்திரத்தைச் சாக்கில் கட்டி லாரியில் லீமா போனாள். அங்கே மனைவியை இழந்த ஒரு தபால்காரரைக் கல்யாணம் செய்துகொண்டதாகக் கேள்வி. தெயோபால்தோ யாரையும் கட்டிக்கொள்ளவில்லை, எங்கும் போகவும் இல்லை.