ஒன்பது வருஷம் நீடித்த ஆறு விநாடி

செத்தவரை எழுப்ப ஐயாயிரம் பொற்காசு. ஆட்டத்தின் விதிப் புத்தகத்தில் அச்சாகியிருக்கும் விலை அது. ஊரில் எந்தச் சரக்குக்கும் சொல்லுகிற விலை ஒன்று, கொடுக்கிற விலை ஒன்று என்று இருக்கும். இந்த ஒரு சரக்குக்குப் பேரம் கிடையாது. குழாய்க்கடைக்காரர் அந்தப் பக்கத்தைப் பலமுறை படித்தவர்தான். ஆனாலும், அடக்கம் முடிந்த இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, அவருடைய தங்கை புருஷன் சொட்டச் சொட்ட நனைந்தபடி கடை மாடியேறி வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தபோது, அவருக்கு விலையெல்லாம் ஞாபகம் வரவில்லை. துண்டு எங்கே என்றுதான் தேடினார்.

கடை மாடி என்பது விற்காத வாஷ்பேசின்களும் மூடி உடைந்த கழிப்பறைக் கோப்பைகளும் அடுக்கிய கிடங்கு. நடுவில் ஒரு மேசை. ஞாயிறுதோறும் நாலு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து, இல்லாத ஊரில் இல்லாத எதிரியோடு சண்டை போடுவார்கள். கதையை நடத்துகிறவர் குழாய்க்கடைக்காரர். அதனால் அவர் மாஸ்டர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம், மேசைமேல் அதற்கொரு பொம்மை. தங்கை புருஷன், கூரியர் கொண்டு போகும் மாப்பிள்ளை, கோடாரி வீரன். மருந்துக்கடை அக்கா நெருப்பு வீசும் சூனியக்காரி. பல்செட் செய்கிறவர் திருடன். வேஷத்துக்காரர் என்ன செய்யப்போகிறார் என்று சொல்லலாம். அது பலிக்குமா என்று சொல்வது இருபது முகப் பகடை.

பல்செட்காரரை யாரும் தொழிலைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வக்கீல் என்பார்கள். பல் செட்டில் நூலளவு பிசகினாலும் வாய் புண்ணாகும் தொழிலில் இருந்தவர் ஆகையால், உலகமே அப்படித்தான் என்று நம்பினார். குகைக்கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கம் திறக்குமா என்று அவர் ஒருமுறை கிளப்பிய சண்டையில் மருந்துக்கடை அக்கா இரண்டு மாதம் வரவில்லை. அவளைச் சமாதானம் செய்து அழைத்து வந்தபோது எல்லோரும் சேர்ந்து ஒரு மேசை விதி போட்டார்கள்: யாருக்குச் சந்தேகம் வந்தாலும் கையைத் தூக்கவேண்டும், அது தீரும்வரை ஆட்டம் நகராது. சண்டையை நிறுத்தப் போட்ட விதி வக்கீலுக்குப் பட்டா எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிற்று. நாலு மணிநேர ஆட்டத்தில் மூன்று மணிநேரம் அவர் கை மேலேயே நின்றது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, இனி வரவேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட மற்ற மூவரும் முடிவெடுத்தார்கள். சொல்லும் பொறுப்பு மாப்பிள்ளைக்கு. அவன் சிரித்த முகக்காரன். அடிப்பதைக்கூடத் தடவிக் கொடுப்பதுபோல அடிப்பான்.

அந்த வாரம் குகையில் புதையலைக் காக்கும் மூன்று தலைப் பாம்பு. அக்கா ஒரு தலையைக் கருக்கினாள். இன்னொரு தலை கோடாரி வீரனைக் கவ்வி எறிந்தது. விழுந்தவன் தன் முறை வரும்போதெல்லாம் பகடை உருட்டவேண்டும் என்பது விதி. பத்தும் அதற்கு மேலும் நல்லது, கீழே கெட்டது. மூன்று நல்லது சேர்ந்தால் பிழைப்பான், மூன்று கெட்டது சேர்ந்தால் சாவான். மாப்பிள்ளைக்கு நல்லது இரண்டு, கெட்டது இரண்டு ஆகியிருந்தபோது கீழே டைல்ஸ் லாரி வந்து ஹாரன் அடித்தது. மீதியை அடுத்த வாரம் வைத்துக்கொள்வோம் என்று மாஸ்டர் எழுந்துவிட்டார். வியாழக்கிழமை மழையில் வேறொரு லாரி மாப்பிள்ளையின் ஸ்கூட்டரை இடித்தது. வெள்ளிக்கிழமை அவனை அடக்கம் செய்தார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்த மாப்பிள்ளை, "என் முறை வந்துடுச்சா மச்சான்?" என்று கேட்டான். விலாப்பக்கம் சட்டை கிழிந்திருந்தது. அடுத்து உருட்டவேண்டியவன் அவன்தான். பகடை அவன் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. மருந்துக்கடை அக்கா பகடையைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள். அப்போது வக்கீலின் கை மெல்ல மேலே போயிற்று.

"ஒரு சந்தேகம், மாஸ்டர். விழுந்தவன் கையில கோடாரி இருக்கா, நழுவிடுச்சா?"

அந்தச் சந்தேகம் ஏழு வாரம் தாங்கியது; அதுவரை பகடை உருளவில்லை. பிறகு, குகையின் தரை எந்தப் பக்கம் சரிவு. பிறகு, மூன்று தலையும் சேர்ந்து கடித்தால் அது ஒரு கடியா, மூன்று கடியா. ஈரக் குகையில் சூனிய நெருப்பின் புகை எந்தப் பக்கம் போகும் என்பதற்கு ஒரு வருஷம் முழுதும் போயிற்று. நீதிமன்றத்தில் வாய்தா வாங்குவதுபோல வக்கீல் ஞாயிறுக்கு ஞாயிறு வாய்தா வாங்கினார். வாரமெல்லாம் பட்டறையில் பல் ராவிக்கொண்டே அடுத்த சந்தேகத்தைத் தயார் செய்தார். அவரைத் துரத்தப் பார்த்தவர்கள் இப்போது அவருக்கு ஜலதோஷம் என்றால் நடுங்கினார்கள். அக்கா தன் கடையிலிருந்து மாத்திரையோடு அவர் வீட்டுக்கே ஓடினாள். "யோவ் வக்கீல், உன்னைவிடக் கேவலமான ஆட்டக்காரன் உலகத்துல கிடையாது. நல்லாயிரு," என்பாள். ஒரு சுற்றுக்குக் கதைக்குள் ஆறு விநாடிதான் கணக்கு. அந்த ஆறு விநாடியில் வெளியே கடைக்குப் புது போர்டு வந்தது, மாஸ்டருக்குச் சர்க்கரை வந்தது, மாப்பிள்ளையின் மகள் பள்ளிக்கூடம் முடித்தாள்.

தங்கை முதல் வருஷம் மாடிப்படியோடு நின்றாள். அந்த ஆட்டத்தை அவளுக்கு எப்போதுமே பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமையைத் தின்கிற சனியன் என்பாள். பிறகு உள்ளே வந்து அவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். அவன் சட்டை காயவே இல்லை. எத்தனை துடைத்தாலும் அந்த வியாழக்கிழமை மழை அதே அளவு சொட்டியது. நாற்காலிக்குக் கீழே சிமெண்டுத் தரை பெயர்ந்து, கழிப்பறைக் கோப்பை ஒன்றை அடியில் வைக்கவேண்டி வந்தது. அவள் துண்டைப் பிழிந்துகொண்டே மோட்டார் ரிப்பேரையும் மகளின் மார்க்கையும் சொல்வாள். அவன் அடுத்த கடை ரேடியோவைக் கேட்பதுபோலக் கேட்பான். குகையைப் பற்றி எது கேட்டாலும் பதில் சொல்வான். வீட்டைப் பற்றிக் கேட்டால் யோசிப்பான். யோசிப்பது வருஷா வருஷம் நீண்டது. முதலில் வீட்டு வழி மறந்தது, பிறகு மகள் பேர். ஆட்டம் முடிந்து போகிறவன் மாடிப்படியில் எங்கேயோ இல்லாமல் போவான். அடுத்த ஞாயிறு மறுபடியும் நனைந்து வருவான். "என் முறை வந்துடுச்சா மச்சான்?" என்று கேட்கும் குரலில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. மாஸ்டர் அதைக் கவனித்தார். கவனித்தும், வக்கீலின் கையைத்தான் பார்த்தார். கூடப் பிறந்தவளின் தாலியை இரண்டாம் தரம் அறுக்க எந்த அண்ணனுக்குக் கை வரும்.

ஒன்பதாம் வருஷம் ஒரு ஞாயிறு, தங்கை அவன் காதோரம் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவன் திரும்பி அவளை மரியாதையாகப் பார்த்தான்.

"நீங்க புதுசா? நீங்க என்ன வேஷம்?"

அவள் துண்டை மடித்து மேசையில் வைத்தாள். வெகுநேரம் அதையே தடவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே," என்றாள், "அவர் முறைய அவருக்குக் குடு."

"நீ சும்மா இரும்மா."

"ஒம்பது வருஷம் சும்மாதான இருந்தேன்."

மாஸ்டர் பழக்கப்படி வக்கீலைப் பார்த்தார். வக்கீலின் சட்டைப்பையில் அன்றைய சந்தேகம் தயாராக இருந்தது. அதற்கடுத்த வருஷத்துக்கும் சேர்த்தே வைத்திருந்தார். அவர் கை மேசையை விட்டுக் கொஞ்சம் எழுந்தது. தங்கை அதைப் பிடித்து இறக்கவில்லை, பார்க்க மட்டும் செய்தாள். கை தானாக இறங்கியது.

"அன்னிக்கு என்னைப் போகச் சொல்றதா இருந்தீங்க, தெரியும்," என்றார் வக்கீல், யார் முகத்தையும் பார்க்காமல். "மாப்பிள்ளை சொல்லியிருந்தா நான் போயிருப்பேன். எனக்குச் சந்தேகம் எதுவும் இல்ல, மாஸ்டர்."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் தடவை. மாஸ்டர் பகடையை நகர்த்தினார். "மாப்ள, உன் முறை." மாப்பிள்ளை அதை உள்ளங்கையில் ஊதி, பழைய சிரிப்போடு உருட்டினான். அது பாம்புப் பொம்மையைத் தாண்டி, சாயம் போன சூனியக்காரி பொம்மையில் முட்டி நின்றது. ஏழு. மூன்றாவது கெட்டது.

"சரி," என்றான். "கோடாரிய குகையில விட்டுட்டு வந்துடாதீங்க." எழுந்து படியிறங்கினான். ஈரக் காலடி மூன்றாம் படியோடு முடிந்தது. மறுநாள் நாற்காலி காய்ந்திருந்தது. அடியில் வைத்த கோப்பையில் முதல் முறையாகத் தண்ணீர் இல்லை.

அடுத்த ஞாயிறு யாரும் வரமாட்டார்கள் என்று மாஸ்டர் நினைத்தார். எல்லோரும் வந்தார்கள். தங்கையும் வந்து, ஸ்டூலைத் தள்ளிவிட்டு, அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கையைத் தூக்கினாள்.

"ஒரு சந்தேகம். செத்தவங்கள எழுப்ப எவ்வளவு?"

"ஐயாயிரம் பொற்காசு," என்றார் வக்கீல், புத்தகத்தைத் தொடாமல். "ஞாபகமெல்லாம் திரும்பி முழுசா எழுந்து வருவாங்க. ஆனா சாகாதவங்கள எழுப்ப முடியாது. அதனாலதான் இத்தனை நாள் அந்தப் பேச்சையே எடுக்கல. அப்புறம் இன்னொண்ணு, செத்தவங்க சம்மதிக்கணும்."

"சம்மதம் அவர் பாடு. காசு நம்ம பாடு," என்றாள் அவள்.

மருந்துக்கடை அக்கா அவளுக்கு ஒரு வேஷம் எழுதித் தந்தாள். எல்லோரும் தொடங்குவதுபோல அடிமட்டத்திலிருந்து, ஒரு கத்தியும் ஒரு கயிறும். மாஸ்டர், எல்லோருடைய ஆட்டக் காசும் கிடக்கும் கூட்டுப்பையைக் கவிழ்த்து எண்ணினார். கையிருப்பு நாலாயிரத்து முந்நூற்று நாற்பது. கோடாரி விற்பனைக்கில்லை. பாக்கி அறுநூற்று அறுபது குகையில், பாம்புக்கு இன்னும் இரண்டு தலை.