கைப்பிடிக் குழி

பாலிஷ் மிஷினின் சத்தம் கேட்டபோதுதான், அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அத்தைக்குத் தன் அண்ணன் எங்கே போனார் என்று தெரிந்தது.

"பொண்டாட்டி செத்துக் கிடக்கா, இவன் காரைத் தேய்ச்சிட்டிருக்கான். வர்றவங்க என்ன நினைப்பாங்க? போய்க் கூட்டிட்டு வாடி," என்று அண்ணன் மகளை விரட்டினாள்.

ஷெட்டில் அப்பா முட்டி போட்டுக் காரின் இடப்பக்க முன்கதவில் மிஷினைச் சுழல விட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அழுத சுவடே இல்லை. காலையில் டாக்டர் வந்து சொன்னபோதும் "சரிங்க" என்றுதான் சொன்னார். காலமெல்லாம் ஊரார் கார்களுக்குக் கீறல் நீக்கும் காம்பவுண்ட் பசை போட்டுத் தேய்த்துக் கண்ணாடியாக்கிய மனிதர்; சொந்தக் காருக்கு மட்டும் நேரம் வாய்த்ததே இல்லை.

"அப்பா, அத்தை கத்துறாங்க."

"அவ என்னைக்குக் கத்தல?" மிஷினை அணைத்தார். "அம்மாவைக் கொண்டுபோற வண்டிக்குப் பின்னால நம்ம கார்தானே போகணும். இப்படி அழுக்காவா கொண்டுபோறது?"

சட்டை மாற்றிக்கொள்ள அவரை உள்ளே அனுப்பிவிட்டு மகள் அங்கேயே நின்றாள். அம்மா ஏறி இறங்கும் கதவு அது. கைப்பிடிக்குப் பின்னால் விரல் நுழையும் குழியில், அவளுடைய நகமும் மோதிரமும் பட்டுப் பட்டுப் பூனை பிறாண்டியதுபோல் கீறல்கள்.

"நகம் படாம திறக்கவே வராதா உனக்கு? நான் ஊருக்கெல்லாம் கீறல் எடுக்கிறேன், என் வீட்டுலயே ஒருத்தி போட்டுக்கிட்டே இருக்கா," என்று அப்பா குதிப்பார்.

"உங்களுக்குத் தொழில் மறந்துடக்கூடாதுல்ல," என்பாள் அம்மா. இந்தச் சண்டை இல்லாமல் கார் கிளம்பியதில்லை.

இப்போது அந்தக் குழியை மூடி நீல டேப் ஒட்டியிருந்தது. மிஷின் பட்டால் கெட்டுப்போகும் இடங்களில் அப்படி ஒட்டிவிட்டு, கடைசியில் பிரித்துக் கையால் முடிப்பார்கள் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பாக்கி அந்த ஒரே இடம்தான். அம்மாவுக்கு இனி எதுவும் செய்ய முடியாது, அப்பாவுக்காவது இதை முடித்து வைப்போம் என்று தோன்றியது.

டேப்பைப் பிரித்தாள். துணியில் காம்பவுண்டைத் தொட்டு, வட்டமாக அழுத்தித் தேய்த்தாள். கீறல்கள் மங்கின, பிறகு காணாமல் போயின. துடைத்தபோது குழி பளபளத்தது. விடிந்ததிலிருந்து முதல் தடவையாக அவளுக்கு மனசு கொஞ்சம் லேசானது.

அப்பா வந்தார். கதவருகே அப்படியே நின்றுவிட்டார். தரையில் சுருண்டு கிடந்த டேப்பைப் பார்த்தார்.

"பிரிச்சிட்டியா?"

"கடைசில கையாலதானே முடிப்பீங்க. அதான்ப்பா..."

"ம். நல்லா வந்திருக்கு."

அவர் சொன்ன விதத்தில்தான் அவளுக்கு உறைத்தது. அந்த டேப்பை அவர் மிஷினுக்குப் பயந்து ஒட்டவில்லை.

"அப்பா, நான் தெரியாம..."

"விடு. நான்தான் சொல்லியிருக்கணும்."

டார்ச்சை எடுத்தார். வேலை முடிந்த எந்தக் காரையும் அவர் அப்படித்தான் பார்ப்பார்: தலையைச் சாய்த்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்து, ஒரு கீறல்கூட மிச்சமில்லை என்று திருப்தியாகும்வரை. இன்றும் குனிந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளிருந்து அத்தை மறுபடி மறுபடி கூப்பிட்டாள்.

"இங்க ஒண்ணு இருக்கு," என்றார் ஒருவழியாக.

குழியின் மேல் மூலையில், மகளின் விரல் எட்டாத இடத்தில், தலைமுடி கனத்தில் ஒரு கோடு.

அவள் டேப் சுருளை எடுத்து நீட்டினாள். அப்பா ஒரு துண்டைப் பல்லால் கிழித்து அதன்மேல் ஒட்டி, நாலு ஓரத்தையும் கட்டைவிரலால் அழுத்தினார்.

"அத்தையைப் பின்கதவுல ஏறிக்கச் சொல்லு," என்றார்.