துளிக்கு ஒரு கிளி

கொள்ளிடக் கரையில், மார்கழி விடியலில், புல் நுனிப் பனித்துளியில் பிரபஞ்சம் தன்னைத் தானே தரிசித்துக்கொண்ட கணம் என்று அந்தப் புகைப்படத்துக்குச் சௌரிராஜன் குறிப்பு எழுதியிருந்தார். உண்மையில் அது ஸ்ரீரங்கத்தில் அவருடைய ஃபிளாட்டின் சாப்பாட்டு மேஜையில், பகல் பதினொன்றரை மணிக்கு, மனைவி செண்பகவல்லி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் எடுத்தது. இரண்டு ஊறுகாய் பாட்டில்களின் மேல் ஒரு கண்ணாடித் தகடு. தகட்டின் மேல், சீக்கிரம் காயாமலிருக்கக் கிளிசரின் கலந்த தண்ணீர், சிரிஞ்சிலிருந்து சொட்டுச் சொட்டாக. தகட்டுக்கு அடியில், வண்ணத்துக்காக, செண்பகவல்லியின் பட்டுப் புடவை.

மகளின் சீமந்தத்துக்காக அவள் காஞ்சிபுரத்தில் சொல்லி நெய்த புடவை அது. மஞ்சள் உடல், அரக்கு பார்டர், பார்டர் முழுக்க வாயில் மாவிலை கவ்விய பச்சைக் கிளி. அந்தக் கிளி ஊரில் வேறு யாரிடமும் இல்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. படம் எடுத்து முடித்த கையோடு கிளிசரின் கிண்ணம் கை தட்டி முந்தானையில் கொட்டியது. சௌரிராஜன் துடைத்தார், மடித்தார், பீரோவில் வைத்தார்.

ஒரு வாரம் கழித்துக் கறையைப் பார்த்த செண்பகவல்லி, வீட்டு வேலை செய்த காளியாயிதான் மருங்காபுரியில் தங்கை வீட்டுக் காதுகுத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு போய், திருப்பிக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள் என்று தீர்மானித்தாள். இல்லைங்க மாமி என்று காளியாயி இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லவில்லை. ஆறு வருஷ வேலை அன்றோடு முடிந்தது. சௌரிராஜன் அப்போது ஹாலில் உட்கார்ந்து பேப்பரில் மழை நிலவரம் படித்துக்கொண்டிருந்தார். அன்று எங்கும் மழை இல்லை.

படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. கொடுத்தது புகைப்பட ஆர்வலர்களின் காவிரி நுண்ணொளிக் கழகம். மொத்தம் பதினான்கு உறுப்பினர்கள், அதில் ஒன்பது பேர் துணைத் தலைவர்கள். மன்னார்புரத்தில் ஒரு மண்டபத்தை எடுத்து, படத்தை ஆறடி உயரத்துக்குப் பெரிதாக்கி, மேடைக்குப் பக்கத்துச் சுவரிலேயே மாட்டியிருந்தார்கள்.

வாசலில் நின்று பார்த்த சௌரிராஜன் தலையைச் சாய்த்து இன்னொரு தடவை பார்த்தார்.

தண்ணீர்த்துளி ஒரு குட்டி லென்ஸ். பின்னால் இருப்பதைத் தனக்குள் தலைகீழாகக் காட்டும். படத்தில் நாற்பத்திரண்டு துளிகள். துளிக்கு ஒரு கிளி, தலைகீழாக. தலைகீழாக இருந்தவரை அது கிளியில்லை, பச்சையாக ஒரு சுழல். அந்தத் தைரியத்தில்தான் போட்டிக்கு அனுப்பினார். இப்போது படத்தையே தலைகீழாக மாட்டியிருந்தார்கள். நாற்பத்திரண்டு கிளிகளும் நிமிர்ந்து உட்கார்ந்து, மாவிலையும் வாயுமாக அவரைப் பார்த்தன.

பிரிண்ட் போட்டு மாட்டிக் கொடுத்த அன்வர் பாவம், எது மேல் எது கீழ் என்று தெரியவில்லை என்றார். கையெழுத்து இருந்தால் அதை வைத்து மாட்டியிருப்பாராம். பிரபஞ்சத்தின் மேல் கையெழுத்துப் போட நான் யார் என்று அவரிடம் சொன்னது சௌரிராஜனேதான். உடனே திருப்பி மாட்டச் சொன்னார். தலைவர் சொன்னால் மாட்டுகிறேன் என்றார் அன்வர்.

தலைவர் ராமானுஜம் ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கிளம்பிய வண்டியை நிறுத்தும் வழக்கம் அவரிடம் இல்லை. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இங்கே மேலும் இல்லை, கீழும் இல்லைன்னு குறிப்புல நீங்கதானே எழுதியிருக்கீங்க?" என்றார். நண்பர் படபடப்பாக இருப்பதைப் பார்த்து மனமிரங்கி, படத்தின் மேல் இன்னொரு லைட்டைத் திருப்பி வைக்கச் சொன்னார்.

கிளிகள் பளிச்சென்று ஆயின.

அப்போதுதான் சௌரிராஜன், துடைப்பத்தோடு ஒருத்தி படத்தின் முன்னால் நிற்பதைக் கவனித்தார். மண்டபத்துக்காரர்கள் கொடுத்த நீலக் கோட்டு. காளியாயி. அந்தப் புடவையை எத்தனையோ தடவை நிழலில் உலர்த்தி, கிளி மேல் கிளி வருகிற மாதிரி மடித்து வைத்தவள். ஒவ்வொரு துளியாகப் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

"மாமி பொடவைங்களா சார் இது?"

"பிரபஞ்சம்," என்றார்.

"அப்படிங்களா." பக்கெட்டை நகர்த்திக்கொண்டாள். "மாமி வராங்களா?"

அதற்கு அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

செண்பகவல்லி முதல் வரிசையில் உட்கார்ந்தாள். சௌரிராஜன் போய்ப் படத்தின் முன்னால் நின்றுகொண்டார். அவர் ஐந்தடி நாலு அங்குலம். பன்னிரண்டு கிளிகளுக்கு மேல் மறைக்க முடியவில்லை. சிறப்பு விருந்தினர் அந்தப் படத்தில் யோகம், ஐம்பூதங்கள், நாட்டின் வளர்ச்சி மூன்றையும் கண்டதாக அரைமணி நேரம் பேசினார். கலைஞரே வந்து அந்த விடியலைச் சொல்லட்டும் என்று முடித்தார். பன்னிரண்டு கிளிகளையும் விட்டுவிட்டு மேடை ஏற வேண்டியதாயிற்று.

மைக் முன்னால் காகிதத்தைப் பிரித்தார். பிரித்த சத்தம் மைக்கில் சரசரவென்று கேட்டது. கொள்ளிடக் கரையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது என்று ஆரம்பித்தபோது, செண்பகவல்லி எழுந்து படத்தருகே போவதைப் பார்த்தார். கைப்பையைத் திறந்தாள். படிக்கிற கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் விரல் ஒரு துளியிலிருந்து அடுத்த துளிக்குப் போயிற்று. நான்காவது துளியில் நின்றது.

மேடையை அவள் பார்க்கவில்லை. நேராக வாசலுக்கு, காளியாயி நின்ற இடத்துக்குப் போனாள். சௌரிராஜனின் பேச்சு தானாக நின்றுவிட்டிருந்தது. மனைவி தாழ்ந்த குரலில் சொன்னது எட்டவில்லை. தலை ஒரு தடவை குனிந்ததைப் பார்த்தால் மன்னிப்பாக இருக்க வேண்டும். பிறகு நாளையிலிருந்து வேலைக்கு வந்துவிடு என்று கூப்பிட்டிருக்க வேண்டும். பதில் மட்டும் அந்த அமைதியில் கடைசி வரிசை வரை கேட்டது.

"இல்லைங்க மாமி. இங்க ஞாயித்துக்கிழமை லீவு விடறாங்க."

செண்பகவல்லி திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் நிறுத்திட்டேள்?" என்றாள். "கொள்ளிடக் கரையில பனி. அப்புறம்?"

அவர் கையில் இன்னும் இரண்டு பக்கம் இருந்தது.