ஜாதகத்தில் இல்லாத கண்டம்

பிரணவுக்குத் தண்ணீர் என்றால் பயம். குடிக்கிற தண்ணீரோடும், மோட்டார் போட மறந்தால் வராத தண்ணீரோடும் அவனுக்கு எந்தப் பகையும் இல்லை. முகம் மூழ்கும் தண்ணீர்தான் ஆகாது. முப்பத்து நாலு வயது, நாவலூரில் டீம் லீடர், அவனுக்குக் கீழே பதினோரு பேர். இதை வெளியில் சொல்ல முடியுமா? கல்யாணமாகி ஏழு வருடத்தில் மனைவி நித்யஸ்ரீயிடம்கூடச் சொன்னதில்லை.

சேலையூரில் அவர்கள் குடியிருப்பில் நீச்சல்குளம் திறந்தார்கள், வந்தது வினை. சின்னக் குழந்தைகளோடு அப்பாவோ அம்மாவோ உள்ளே இறங்க வேண்டும் என்பது பயிற்சியாளர் பிரிட்டோவின் சட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை நித்யஸ்ரீ பாட்டு வகுப்பு எடுப்பாள். எனவே ஐந்து வயது மகள் சின்மயிக்குத் துணை பிரணவ்தான். முதல் வாரம் அவனுக்கு ஜலதோஷம். இரண்டாம் வாரம் காதுவலி. மூன்றாம் வாரம் டிரவுசர் கிடைக்கவில்லை.

நாலாம் வாரம் பிரிட்டோ பொறுமையிழந்தான். "இன்னா சார், வாரத்துக்கு ஒரு கதை சொல்லிகினு கீறீங்க? பாப்பா கரையிலயே குந்திகினு கீது. பயமா கீதா? சொல்லுங்க, நான் கையப் புடிச்சுக்கறேன்."

ஏழெட்டு அப்பாக்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பயமா? எனக்கா?" என்றான் பிரணவ். "ஜாதகத்துல எனக்குத் தண்ணியில கண்டம், பிரிட்டோ."

அந்தக் குடியிருப்பில் பயத்துக்குப் பஞ்சமில்லை. திருஷ்டிக்குப் பயந்து வாசலில் பூசணிக்காய் தொங்கியது. ராகுகாலத்துக்குப் பயந்து, லாரி நிறையச் சாமானோடு ஒன்றரை மணி நேரம் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுக் குடிவந்தவர்கள் உண்டு. எட்டாம் நம்பர் ஃப்ளாட் இன்னும் விற்கவில்லை. இதற்கெல்லாம் யாரும் டாக்டரிடம் போனதில்லை. எல்லாம் மரியாதையுள்ள பயங்கள். பிரணவின் பயத்துக்கும் ஒரே வாக்கியத்தில் அந்த மரியாதை கிடைத்தது. ஒருவர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். குளத்திலிருந்து நன்றாகத் தள்ளிப் போட்டுத்தான்.

மத்தியானத்துக்குள் செய்தி பி பிளாக்குக்குப் போய்விட்டது. அங்கே இருப்பவர் மாமனார் தோத்தாத்ரி. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்தவர்.

"மாப்பிள்ளை, நாலு ஜோசியர் பார்த்தா. ஒருத்தரும் கண்டம்னு சொல்லலையே? எங்ககிட்ட குடுத்தது யாரோட ஜாதகம்?"

நித்யஸ்ரீயின் முகம் மாறியது. "உங்கம்மா மாத்திக் குடுத்துட்டாளா பிரணவ்?"

பிரணவின் அம்மா தாம்பரத்தில் முப்பது வருடம் கணக்கு டீச்சர். சொந்தத் தங்கை மகனுக்கு அரை மார்க் கூட்டிப் போடாதவள். ஒன்று, பயத்தில் பொய் சொன்னேன் என்று இவன் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அம்மா மோசடிக்காரி. பிரணவ் நிதானமாக யோசித்தான்.

"அம்மாவைத்தான் கேக்கணும்" என்றான்.

கேட்டார்கள். அவள் பதில் சொல்லாமல் ஃபோனை வைத்துவிட்டாள். நித்யஸ்ரீ மூன்று நாள் அவனோடு பேசவில்லை. தோத்தாத்ரி குன்றத்தூர் ஜோசியரைப் பார்த்துப் பரிகாரம் கேட்டு வந்தார்: கோயில் குளத்தில் மூன்று முழுக்கு. தலை முழுசாக நனைய வேண்டும்.

சனிக்கிழமை காலை. மழைக்குக் குளம் நிரம்பிக் கிடந்தது. ஈரமில்லாத கடைசிப் படியில் பிரணவ் வேட்டியோடு நின்றான்.

"சீக்கிரம் முழுகிட்டு வா" என்றாள் நித்யஸ்ரீ. "அப்புறம் உங்கம்மாகிட்ட சொல்லிடு, இனிமே நம்ம ஆத்துப் படி ஏற வேண்டாம்னு. ஏமாத்தினவாளுக்கு என்னால காபி கலந்து குடுக்க முடியாது."

பிரணவ் தண்ணீரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"நித்யா, கண்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அம்மா எதையும் மாத்தல. எனக்குத் தண்ணின்னா பயம்."

"பயம்னா?"

"மூச்சு முட்டும். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும்."

"சின்ன வயசுல கிணத்துல விழுந்தியா?"

"விழல. யாரும் தள்ளியும் விடல. ஒரு காரணமும் இல்ல."

தோத்தாத்ரியால் இதைத்தான் தாங்க முடியவில்லை. "காரணமே இல்லாம ஒருத்தன் பயப்படுவானா? சனியாவது பார்க்க வேண்டாமா?"

நித்யஸ்ரீ அப்பாவைக் கவனிக்கவில்லை. "இதைச் சொல்ல வெக்கப்பட்டுண்டா உங்கம்மாவைத் திருடியாக்கினே?"

"ஆமா."

"முதல்ல அவளுக்கு ஃபோன் போடு."

படியில் நின்றபடியே போட்டான். எல்லாவற்றையும் சொன்னான்.

"உனக்குப் பயம்னு எனக்குத் தெரியாதாடா?" என்றாள் அம்மா. "தலைக்குத் தண்ணி ஊத்தி வளத்தவ நான். நீ வாயத் தொறந்து சொல்றியான்னுதான் பாத்தேன். நித்யாகிட்ட குடு."

இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். யாரைப் பற்றி என்று கேட்க வேண்டியதில்லை.

தோத்தாத்ரி அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள்ளை, வெளியில யாராவது கேட்டா கண்டம்னே சொல்லிடுங்கோ. பயம்னா நன்னாயிருக்காது."

"இல்ல மாமா. பயம்னே சொல்லிடறேன்" என்றான் பிரணவ்.

பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கால் கட்டைவிரலை மட்டும் தண்ணீரில் வைத்துப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது. உடனே எடுத்துவிட்டான்.