கருஞ்சிறகின் இடுப்பளவு

கருஞ்சிறகு ஓய்வு பெற வேண்டுமாம். காமிக்ஸில் அவனுக்கு முட்டி உடைந்ததிலிருந்து எங்கள் ரசிகர் மன்றத்தில் இதே பேச்சு; எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் அக்கா மகளும் அந்தக் கட்சிதான். தையல் கடை வரைக்கும் வந்து உயிரை வாங்கினாள்.

"அவருக்கு வயசாயிடுச்சு மாமா. முகமூடியை அவர்கூட சண்டை போடுற அந்தச் சின்னப் பொண்ணுகிட்ட குடுத்துட்டு நிம்மதியா இருக்கட்டுமே."

"வாயை மூடு! அவன் உசுரோட இருக்கிறவரைக்கும் வேற யாரும் அதைத் தொடக் கூடாது!"

மன்றத்து விழாவில் வருஷா வருஷம் கருஞ்சிறகாக மேடையேறுவது நான்தான். உடை இறுக்கும்போதெல்லாம் தையல்காரர் உள்ளே மடித்து விட்ட துணியைப் பிரித்துத் தளர்த்திக் கொடுப்பார்.

இன்று எங்கள் சண்டையைக் கேட்டபடியே என் இடுப்பில் டேப்பைச் சுற்றி, "மூச்சை விடுங்க சார்" என்றார். நான் விடவில்லை.

அவர் உடையைப் புரட்டி உள்தையலைத் தடவினார். "பிரிக்கிறதுக்கு உள்ள துணியே இல்ல சார். புதுசாத்தான் தைக்கணும்."

"தைங்க."

என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரோட அளவுக்கு?"

வழியெல்லாம் வாய் ஓயாதவள் தரையைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்த மூச்சு, என்னைக் கேட்காமலே வெளியே வந்தது.